மேகத்தைப் பற்றிப் பேசிய வாரம்

சான் எலாடியோவில் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி புகைய ஆரம்பித்தால் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று, ஊரெல்லாம் பாகு காய்ச்சும் வாசனை வீசும். இன்னொன்று, "இந்த வருஷம் நம்ம வருஷம்தான்" என்று ஃபெர்மின் மாமா சொல்வார்.

போன வருஷமும் சொன்னார். அதற்கு முந்தின வருஷமும் சொன்னார். அந்த இரண்டு வருஷமும் ஆலையின் பேஸ்பால் அணியான 'கரும்புக்காரர்கள்' கடைசி இடத்தில்தான் வந்தார்கள். ஆனால் புகையைப் பார்த்துவிட்டால் ஃபெர்மின் மாமாவுக்குப் பழையதெல்லாம் மறந்துவிடும். ஆலையில் சங்கு ஊதுவது அவர் வேலை. மாலைச் சங்கை ஊதிவிட்டு நேராகப் பூங்காவுக்கு வந்துவிடுவார்.

பூங்காவின் ஒரு மூலையில், கான்டிடோவின் முடிதிருத்தும் கடைக்கு எதிரே, பெரிய மரத்தடியில் மூன்று பெஞ்சுகள் கிடந்தன. அந்த இடத்துக்குக் 'கொதிக்கும் மூலை' என்று பெயர். அங்கே பேஸ்பாலைத் தவிர வேறு எதையாவது யாராவது பேசி யூசிமி கேட்டதே இல்லை. கையை ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். வெளியூர்க்காரர்கள் ஏதோ அடிதடி என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். அந்த மூலையிலேயே பெரிய குரல் யூசிமியின் அம்மா மிக்டாலியாவுடையது.

யூசிமிக்கு அப்போது பத்து வயது. அவள் குரல் சின்னது. அவள் பேசுவதும் கொஞ்சம்தான். அதிலும் போன வருஷம் நடந்ததற்குப் பிறகு மூலையில் அவள் வாயே திறப்பதில்லை.

போன வருஷம் நடந்தது இதுதான். பந்து எறிகிற ஒருவர், எதிரணியில் யாரையும் ஒரு அடிகூட அடிக்கவிடாமல் எறிந்துகொண்டே போனால், அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டக்காரர்களும் சொல்ல மாட்டார்கள், பார்க்கிறவர்களும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதிர்ஷ்டம் ஓடிவிடும். இது ஊரில் ஆடு மாடுகளுக்கெல்லாம் தெரியும். ஆனால் யூசிமிக்கு அந்த நிமிஷம் மறந்துவிட்டது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸில், "அம்மா! இன்னும் ஒருத்தர்கூட அடிக்கலையே!" என்று கத்திவிட்டாள்.

அடுத்த பந்தே வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

இரண்டு நாள் மூலையில் யாரும் அவளோடு பேசவில்லை. அம்மாகூட ஒருநாள் முழுக்க "ம்" மட்டும்தான் சொன்னாள்.

*

ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் கான்டிடோ கடையின் பக்கச் சுவரில் வெள்ளையடிப்பார்கள். அதன்மேல், அந்த வருஷம் ஊரைத் தூக்கி நிறுத்தப் போகிற புது ஆட்டக்காரனின் பெயரை ஃபெர்மின் மாமா நீலப் பெயின்ட்டால் பெரிதாக எழுதுவார். அந்த வருஷம் அவர் எழுதிய பெயர், அமாதோ.

அமாதோ, யூசிமியின் பக்கத்து வீட்டுப் பையன். வயது பதினேழு. இடது கையால் எறிவான். அவன் கையிலிருந்து கிளம்பும் பந்து நேராக வருவதுபோல வந்து, கடைசி நொடியில் வேறு வேலை ஞாபகம் வந்ததுபோலத் திரும்பிப் போகும்.

அதுவரை அவன் தினமும் சாயங்காலம் தெருவில் சோடா மூடிகளை எறிவான். யூசிமியும் தெருப்பிள்ளைகளும் துடைப்பக் கட்டையால் அடிப்பார்கள். மூடி காற்றில் வளைந்து வளைந்து வரும். அடிப்பது பெரும்பாடு. "மூடியை அடிச்சுப் பழகிட்டா, பந்து உனக்குப் பூசணிக்காய் சைஸுக்குத் தெரியும்" என்பான் அமாதோ.

பெயரைச் சுவரில் எழுதிய நாளோடு அந்த விளையாட்டு நின்றுபோனது.

"கையை வீணாக்காதே!" என்றார் ஃபெர்மின் மாமா.

"அய்யய்யோ, வாளியைத் தூக்காதே! கை! கை!" என்று யூசிமியின் அம்மா குழாயடியில் ஓடிவந்து அவன் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவன் கதவைத் திறக்கப் போனால் யாராவது ஓடிப்போய்த் திறந்தார்கள். கிழங்கு மசித்துக் கொண்டுவந்தார்கள். தேன் கொண்டுவந்தார்கள். தெருவில் போகிறவர்கள் அந்த இடது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். "உலகத்துலயே இந்த மாதிரி கை கிடையாது" என்றார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அமாதோ எறிந்தான். பந்து ஒன்றுகூடச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. கரும்புக்காரர்கள் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

எல்லோரும் அவனைத் திட்டுவார்கள் என்று யூசிமி பயந்தாள். யாரும் திட்டவில்லை.

"வெயில் கண்ணுல அடிச்சது" என்றார் ஒருவர்.

"பந்து ஈரமா இருந்துச்சு" என்றார் இன்னொருவர்.

"நடுவரோட பெண்டாட்டிக்கு அந்த ஊரு! தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"முதல் மாட்ச்சுல தோத்தா நல்லது. கெட்டதெல்லாம் முன்னாடியே கழிஞ்சிடுச்சு. அடுத்த ஞாயிறு பாருங்க!" என்றார் ஃபெர்மின் மாமா. சொன்னதோடு நிற்காமல், சுவரில் இருந்த பெயரின்மேல் இன்னொரு தடவை பெயின்ட் பூசினார். எழுத்துகள் முன்பைவிடத் தடியாயின.

அமாதோ தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கமாகப் போனான்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோழியைத் தேடி வீட்டுப் பின்பக்கம் போன யூசிமி, வாழை மரங்களுக்கு நடுவே அமாதோவைப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாழையிலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டியே?" என்றான் அமாதோ.

"மாட்டேன்."

"சனிக்கிழமை காலையில ரயில்ல அத்தை வீட்டுக்குப் போறேன். ஞாயிற்றுக்கிழமை நான் எறியப்போறதில்ல. இனிமே எப்பவும் எறியப்போறதில்ல."

யூசிமி அவன் பக்கம் திரும்பினாள்.

"தோத்ததாலயா?"

"திட்டியிருந்தாங்கன்னா போயிருக்கமாட்டேன்." அவன் தன் இடது கையை அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "எல்லாரும் இந்தக் கையோடதான் பேசறாங்க, யூசிமி. என்கிட்ட யாரும் பேசறதில்ல. பந்தைக் கையில எடுத்தா ஊரே அதுமேல ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி கனமா இருக்கு."

கோழி தானாகவே வந்து சேர்ந்தது.

*

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது யூசிமி அந்தச் சுவருக்கு முன்னால் நின்றாள். அமாதோவின் பெயர் பளபளவென்று இருந்தது. கீழ்ப்பக்கம், வெயிலில் வெள்ளை உரிந்துபோன ஓர் இடத்தில், ரொம்பப் பழைய நீல எழுத்துகள் எட்டிப்பார்த்தன. அவள் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். ஒரு எழுத்து வந்தது. இன்னொன்று வந்தது.

கான்டிடோ.

அவள் கடைக்குள் போனாள். முடிதிருத்துகிற கான்டிடோ கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"சுவத்துல உங்க பேரு இருக்கே, மாமா?"

"இன்னுமா இருக்கு?" கான்டிடோ சிரித்தார். "இருபது வருஷம் ஆச்சு. ஃபெர்மினோட கையெழுத்து அழகு, இல்ல?"

"நீங்க விளையாடினீங்களா?"

"மூணு மாட்ச்."

"அப்புறம்?"

கான்டிடோ கத்தரியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் முடி வெட்டக் கத்துக்கிட்டேன்."

"தோத்துட்டீங்களா? அதனால கஷ்டமா இருந்துச்சா?"

"தோக்கறது ஒண்ணும் பெரிசில்ல, பாப்பா. எங்க போனாலும் அதே பேச்சு. ரொட்டி வாங்கப் போனா பேஸ்பால். ஜுரத்துல படுத்திருந்தா பேஸ்பால். இன்னிக்கு மழை வருமான்னு ஒருத்தராவது கேட்டிருந்தா அவங்களைக் கட்டிப்பிடிச்சிருப்பேன்."

யூசிமி வெளியே வந்து மறுபடியும் சுவரைப் பார்த்தாள். உரிந்த இடத்தில், கான்டிடோவின் பெயருக்கும் கீழே இன்னொரு நீலக் கோடு தெரிந்தது. அது யாருடைய பெயரோ. பிறகு அவள் எதிரே இருந்த மூலையைப் பார்த்தாள். ஃபெர்மின் மாமா பெஞ்சின்மேல் ஏறி நின்று, அடுத்த ஞாயிறு அமாதோ எத்தனை பேரை வீழ்த்துவான் என்று விரல்விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் போதவில்லை.

போன வருஷம் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

*

"ஃபெர்மின் மாமா" என்றாள் யூசிமி.

யாருக்கும் கேட்கவில்லை. அவளும் பெஞ்சின்மேல் ஏறினாள். "ஃபெர்மின் மாமா! போன வருஷம் நான் ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. உடனே அடி விழுந்துச்சு. நீங்க யாரும் ரெண்டு நாள் என்கிட்ட பேசல."

"பழசை ஏன் கிளறுறே? மன்னிச்சாச்சு, போ" என்றார் அவர்.

"நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?"

"நானா? என்ன சொன்னேன்?"

"அமாதோ ஜெயிப்பான், அமாதோ ஒருத்தரையும் அடிக்கவிடமாட்டான்னு. ஆட்டம் நடக்கும்போதே சொல்லக்கூடாதுன்னா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லலாமா? காலையில சொல்றீங்க, சாயங்காலம் சொல்றீங்க. அது போதாதுன்னு..." அவள் சுவரைக் காட்டினாள். "எழுதி வேற வச்சிருக்கீங்க. ரெண்டு தடவை!"

கொதிக்கும் மூலை அடங்கிப்போனது. அந்த மூலையில் அப்படியொரு அமைதியை யூசிமி அதுவரை கேட்டதில்லை. மரத்தில் ஒரு குருவி கத்தியது தெளிவாகக் கேட்டது.

ஃபெர்மின் மாமா மெதுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அப்போ... அந்த ஒன்பதுக்கு ஒண்ணு..."

"வெயிலும் இல்ல, நடுவரும் இல்லையா?" என்றாள் அம்மா தாழ்ந்த குரலில். அம்மாவுக்குத் தாழ்ந்த குரல் உண்டு என்பதே யூசிமிக்கு அன்றுதான் தெரிந்தது.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் யூசிமி. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் கொஞ்சம் நம்பினாள். "ஞாயிற்றுக்கிழமைவரைக்கும் அமாதோகிட்ட யாரும் பேஸ்பால் பேசாம இருந்து பார்க்கலாம். கையைப் பத்தியும் பேசக் கூடாது."

"பேஸ்பால் பேசாமலா?" ஃபெர்மின் மாமா திகைத்தார். "அப்போ என்னதான் பேசறது? இருபது வருஷமா நான் வேற ஒண்ணும் பேசினதில்லையே!"

கடை வாசலில் நின்றிருந்த கான்டிடோ சொன்னார்: "மழை வருமான்னு கேளேன், ஃபெர்மின்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது கரும்பு வெட்டுகிற காலம். ஏப்ரல் முடியும்வரை சொட்டு மழை கிடையாது. வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

கான்டிடோ உள்ளே போய் ஒரு வாளி சுண்ணாம்பும் தூரிகையும் கொண்டுவந்து பெஞ்சின்மேல் வைத்தார். ஃபெர்மின் மாமா பெருமூச்சு விட்டார். பிறகு எழுந்து போய், தான் எழுதிய பெயரைத் தானே அழித்தார்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் அமாதோ தலையைக் குனிந்தபடி பூங்காவைக் கடந்தான். மூலையில் பேச்சு சட்டென்று நின்றது.

"மேகம்" என்றார் ஃபெர்மின் மாமா உரக்க.

"மேகமா?" என்றார் இன்னொருவர்.

"ஆமா. மேகம்."

"எங்கே?"

"இல்ல. இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னேன்."

அமாதோ நின்றான். அண்ணாந்து பார்த்தான். பிறகு ஃபெர்மின் மாமாவைப் பார்த்தான். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா, மாமா?"

"எனக்கென்ன! கல்லு மாதிரி இருக்கேன்." ஃபெர்மின் மாமாவின் நெற்றியில் வேர்த்திருந்தது. "நீ... நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்போ போய்ச் சாப்பிடு."

கொஞ்ச தூரம் போனதும் அமாதோ திரும்பிப் பார்த்தான். வெள்ளைச் சுவர் காலியாக இருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் அவன் வாளியைத் தூக்கினான். யூசிமியின் அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். யூசிமி அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அமாதோ, அப்படியே என் வாளியையும் கொஞ்சம் கொண்டுவந்து குடுத்துடு" என்றாள்.

"எந்தக் கையால?" என்றான் அமாதோ.

அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "உன் இஷ்டம்!"

அமாதோ சிரித்துவிட்டான். சீசன் தொடங்கியபிறகு அவன் சிரித்து யூசிமி பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையிலும் இரண்டு வாளி, வழியெல்லாம் தண்ணீர் சிந்தச் சிந்தப் போனான்.

அன்று சாயங்காலம் யூசிமியின் வீட்டு ஜன்னலில் டிக்கென்று ஏதோ வந்து விழுந்தது. சோடா மூடி.

"கட்டையை எடுத்துட்டு வா" என்றான் வெளியே நின்ற அமாதோ.

தெருப்பிள்ளைகள் எல்லோரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். மூடிகள் வளைந்து வளைந்து வந்தன. இடது கைதான். கான்டிடோ கடை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஆறேழு மூக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபெர்மின் மாமா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தார். யூசிமி ஏழு மூடிகளைத் தவறவிட்டாள். எட்டாவது மூடி கட்டையில் பட்டு, டங்கென்று தகரக் கூரையில் போய் விழுந்தது.

"பூசணிக்காய்!" என்று கத்தினான் அமாதோ.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில் வந்தது. யூசிமி படுக்கையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது. ரயில் நின்றது. கூவியது. போயிற்று. வெகுநேரம் கழித்து அவள் பின்பக்கம் போய் வேலி வழியாக எட்டிப்பார்த்தாள்.

அமாதோ கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான்.

"ரயில் போயிடுச்சு" என்றாள் யூசிமி.

"போயிடுச்சா?" என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமலே.

*

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சான் எலாடியோவில் இன்றும் பேசுகிறார்கள். அவ்வளவு அமைதியான ஆட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

முதல் இன்னிங்ஸில் ஒரு அடி இல்லை. மூன்றாவதில் இல்லை. ஐந்தாவதில் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேர்க்கடலை விற்கிறவர்கூட ரகசியம் சொல்வதுபோலக் காதோரம் வந்து விற்றார். எதிரூரிலிருந்து வந்தவர்கள், இந்த ஊரில் ஏதாவது சாவா என்று கேட்டார்கள்.

ஏழு இன்னிங்ஸ் முடிந்தன. யூசிமியின் ஒரு கையை அம்மா நசுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையை ஃபெர்மின் மாமா நசுக்கிக்கொண்டிருந்தார்.

எட்டாவது இன்னிங்ஸ். ஒரு பெரிய ஆள் மட்டையைச் சுழற்றினான். டப்! பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து, வேலியருகே புல்லில் விழுந்தது. அடி.

எல்லோர் தலையும் வேலிப் பக்கம் திரும்பியது.

பிறகு அம்மா எழுந்து நின்று, நான்கு நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்: "ஏழு இன்னிங்ஸ்! ஏழு இன்னிங்ஸ் ஒரு அடிகூட இல்ல! பார்த்தீங்களா! ஏழு!"

அவ்வளவுதான். அணை உடைந்தது. இனி சொல்லலாம்! என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்! ஃபெர்மின் மாமா கான்டிடோவைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். தொப்பிகள் பறந்தன. வேர்க்கடலைக்காரர் தட்டையே தூக்கிப் போட்டார். அடித்தவன் தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.

மைதானத்தின் நடுவில் அமாதோ இடுப்பில் கைவைத்து நின்று, தன் ஊரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து அடுத்த பந்தை எறிந்தான். கரும்புக்காரர்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் யூசிமியோடு நடந்தான்.

"மேகம் யாரோட யோசனை?" என்று கேட்டான்.

யூசிமி வழியில் கிடந்த ஒரு சோடா மூடியைக் காலால் தட்டினாள். "எந்த மேகம்?" என்றாள்.

*

அந்த வருஷம் கரும்புக்காரர்கள் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தார்கள். "முன்னேற்றம்" என்றார் ஃபெர்மின் மாமா. அமாதோ ஐந்து சீசன் எறிந்தான். சில ஆட்டங்களில் ஜெயித்தான், பலவற்றில் தோற்றான். பிறகு கரும்பு ரயில் ஓட்டப் போனான். யூசிமியின் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் இடது கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போவான்.

யூசிமி இப்போது பெரியவள். வேறு ஊரில் இருக்கிறாள். ஆனாலும் சீசன் தொடங்கும் சமயம் எப்படியாவது சான் எலாடியோவுக்கு வந்துவிடுகிறாள். கடைச் சுவர் இன்றும் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. துடைத்துவைத்த வானத்தின் கீழே, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நாலு பெரியவர்கள் திடீரென்று மேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவள் மெல்லத் திரும்பித் தெருவைப் பார்ப்பாள். அணிக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் யாராவது அந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருப்பான்.